தரச் சான்றும் தறிக் கூலியும்

கூட்டுறவு நிறுவனங்களின் அலுவலகச் சுவர்களில் அண்மைக் காலமாகப் புதியதொரு படத்தைக் காண்கிறோம். காந்தியடிகளின் படத்துக்கும் சங்கப் பதிவுச் சான்றுக்கும் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், "ஐ.எஸ்.ஓ. 9001" என்று பொறித்த தாள் ஒன்று தொங்குகிறது. தமிழ்நாட்டின் நியாய விலைக் கடைகள் பலவும் இச்சான்றைப் பெற்றுள்ளன. இதனைப் பார்த்த நெசவாளர்களும் பயிர்த்தொழில் செய்வோரும், "ஐயா, இது என்ன பத்திரம்? இதனால் கூலி கூடுமா? விளைபொருளுக்கு விலை கூடுமா?" என்று என்னைக் கேட்பதுண்டு. சங்கத்தின் பணத்தைச் செலவிட்டு வாங்கும் எதனைப் பற்றியும் அவ்வாறு கேட்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு.

அக்கேள்விக்கு என்னால் இயன்ற விடையை இங்கே எழுத முற்படுகிறேன். என் கடமையில் நானே தவறிய நிகழ்ச்சி ஒன்றையும் இதனுடன் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தர முறையின் நோக்கத்தை நான் ஏடுகளில் கற்றதைவிட அந்நிகழ்ச்சியில் கற்றதே மிகுதி.

சபையின் தோற்றம்

ஐ.எஸ்.ஓ. என்பது ஸ்விட்ஸர்லாந்தின் ஜினீவா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுத் தர நிர்ணய சபையாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946 அக்டோபரில், 25 நாடுகளின் பிரதிநிதிகள் இலண்டன் மாநகரில் கூடி இதனை அமைக்கத் தீர்மானித்தனர். 1947 பிப்ரவரியில் அது பணி தொடங்கியது. தொடக்க உறுப்பினர்களுள் நம் நாடும் ஒன்று. அதே 1947-ஆம் ஆண்டு ஜனவரியில் நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணயக் கழகம் தோன்றியது. அதன் பணிகளை 1987 ஏப்ரல் முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்று நடத்தி வருகிறது. கிரேக்க மொழியில் "ஐசோஸ்" என்றால் சமம் என்று பொருள். எந்த மொழியில் சொன்னாலும் ஒரே பெயராக விளங்கும் பொருட்டு அச்சொல்லினின்றும் "ஐ.எஸ்.ஓ." என்ற பெயரை எடுத்துக்கொண்டதாக அச்சபை விளக்குகிறது.

போரினால் சிதைந்த தொழில்களை மீண்டும் எழுப்ப வேண்டியிருந்த காலம் அது. ஒரு நாட்டில் செய்த திருகாணி மற்றொரு நாட்டில் செய்த மரையில் பொருந்தாவிடில் வாணிபம் நடைபெறுவது எங்ஙனம்? ஆதலின் சபை முதலில் பொருள்களையும் அளவுகளையுமே கவனித்தது. 1951-ல் அது வெளியிட்ட முதற் பரிந்துரை, தொழிற்சாலைகளில் நீளத்தை எந்த வெப்பநிலையில் வைத்துக் கணக்கிட வேண்டும் என்பதைப் பற்றியது. இரும்பு வெயிலில் நீளும், குளிரில் குறுகும். அளவுகோல் ஒன்றேயாயினும் அளக்கும் நிலை வேறானால் அளவும் வேறாகிவிடும். அதற்காக 20 பாகை செல்சியஸ் என்று ஒரு பொது நிலையை வகுத்தார்கள். தறியில் இறுக்கமாக நிற்கும்போது துணிக்கு ஒரு நீளம், இறக்கி மடித்து வைத்தபின் வேறொரு நீளம் என்பதை அறிந்த நெசவாளருக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பொருளின் தரமும் நிறுவனத்தின் தரமும்

பொருளுக்கு முத்திரை இடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டம் 1937-ல் வந்தது. "அக்மார்க்" என்ற பெயரால் அதனை நெய் விற்போரும் மிளகாய்த்தூள் விற்போரும் அறிவர். தொழிற்பொருள்களுக்கான ஐ.எஸ்.ஐ. முத்திரை 1955 முதல் வழங்கிவருகிறது. கைத்தறியில் நெய்த துணி என்று உறுதி கூறும் கைத்தறி முத்திரை 2006-ல் ஏற்பட்டது. இம்முத்திரைகள் யாவும் கையில் உள்ள பொருளைப் பற்றிப் பேசுகின்றன.

ஐ.எஸ்.ஓ. 9001 பேசுவது வேறொன்றைப் பற்றி. துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை இருக்க வேண்டும், மஞ்சளில் ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்பவை அதில் இல்லை. அப்பொருளை ஆக்கித் தரும் நிறுவனம் தன் வேலையை எவ்வாறு நடத்துகிறது என்பதையே அது நோக்குகிறது. இன்று நல்ல துணி வந்தது போல நாளையும் வருமா, தவறு நேர்ந்தால் அதனைக் கண்டுபிடிக்க வழி உண்டா, கண்டுபிடித்தபின் மறுபடி நேராமல் தடுக்க ஏற்பாடு உண்டா என்பவை அதன் கேள்விகள்.

பொருளை விட்டு நிறுவனத்தைச் சோதிக்கும் இவ்வெண்ணம் எங்கிருந்து பிறந்தது? இராணுவத் தளவாடங்களை வாங்கியோரிடம் இது வலுப்பெற்றது. வெடிகுண்டு நன்றாக வெடிக்குமா என்று அறிய அதனை வெடித்துத்தான் பார்க்க வேண்டும். பார்த்தபின் குண்டு இராது. எனவே ஒவ்வொரு குண்டையும் சோதிப்பதற்குப் பதிலாக, அதனைச் செய்யும் தொழிற்சாலையின் ஒழுங்கைச் சோதிக்கலாயினர். 1959-ல் அமெரிக்க இராணுவத் துறை, தனக்குச் சரக்கு விற்போர் கைக்கொள்ள வேண்டிய தர ஏற்பாடுகளை வகுத்து வெளியிட்டது. 1979-ல் பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனம் இதே கருத்தைப் பொதுத் தொழில்களுக்கும் விரித்து, 5750 என்னும் எண்ணுடைய தர விதிகளை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே ஐ.எஸ்.ஓ. இதற்கெனத் தனிக் குழுவொன்றை அமைத்தது. அக்குழுவின் உழைப்பால் 1987-ல் 9000 என்னும் எண் வரிசை வெளியாயிற்று. 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் 9001 திருத்திப் பதிப்பிக்கப்பட்டது.

நெசவுக்கும் இந்நியாயம் பொருந்துகிறது. ஒவ்வொரு விரிப்பையும் பத்து முறை வெளுத்துப் பார்த்துவிட்டா விற்க முடியும்? வாங்குவோர் ஒருமுறை தண்ணீரில் நனைக்கும் வரையில் சாயத்தின் உண்மை நம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

இதன் அறிவு வேர் இன்னும் பழையது. அமெரிக்காவில் பெல் தொலைபேசித் தொழிற்குழுவைச் சேர்ந்த வால்டர் ஷூஹார்ட் என்ற அறிஞர் 1924-ல் ஒரு வரைபட முறையை வகுத்தார். எந்த வேலையிலும் சிறு ஏற்றத்தாழ்வு இயல்பாகவே இருக்கும். அவ்வியல்பான வேறுபாட்டையும், தேடினால் காரணம் அகப்படக்கூடிய வேறுபாட்டையும் பிரித்தறிய வேண்டும் என்பது அவர் கண்ட நெறி. பேராசிரியர் மகலனோபிஸின் அழைப்பை ஏற்று 1947-48-ல் அவர் நம் நாட்டுக்கு வந்து, தொழிற்சாலைகளில் இம்முறையைப் பரப்ப உதவினார். அவர் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் தொழில் தலைவர்களுக்கும் இதனைக் கற்பித்தார். பிழைகளுள் பெரும்பாலானவை வேலை அமைந்திருக்கும் முறையைச் சேர்ந்தவை. வேலை செய்யும் ஆளைச் சேர்ந்தவை மிகச் சிலவே என்று டெமிங் தம் வாழ்நாளெல்லாம் வற்புறுத்தினார். இவ்வொரு வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

ஒரு தீர்மானமும் ஒரு கம்பிச் சீட்டும்

சில ஆண்டுகளுக்கு முன், நெசவாளர் சங்கம் ஒன்றின் புத்தகங்களைப் பார்வையிடச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயரும் ஊரும் இங்கே வேண்டா. சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட படுக்கை விரிப்புகள் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவருக்கு அனுப்பப்பட்டு, முழுவதும் திரும்பி வந்துவிட்டன. முதல் வெளுப்பிலேயே சிவப்புச் சாயம் கலைந்து வெள்ளைப் பட்டையில் ஏறியதாகப் புகார். நஷ்டத்தை ஈடுசெய்ய, அவ்விரிப்புகளை நெய்த பதினொரு நெசவாளரின் கூலியில் மாதந்தோறும் பிடித்தம் செய்வதென நிர்வாக சபை தீர்மானம் நிறைவேற்றியிருந்தது.

நான் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன். கூட்ட அறிவிப்பு முறையாக அனுப்பப்பட்டிருந்தது. வருகை எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. கையெழுத்துகள் சரியாக இருந்தன. பிடித்த தொகை பேரேட்டில் ஏறியிருந்தது. "ஒழுங்காக உள்ளது" என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டேன்.

புறப்படும் வேளையில் திண்ணையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் எழுந்து வந்தார். "ஐயா, தீர்மானம் ஒழுங்கு என்று எழுதிவிட்டீர்கள். சாயம் ஒழுங்கா என்று யார் எழுதுவது?" என்றார்.

எனக்கு விடை வரவில்லை. "பெரியவரே, அதற்கு இங்கே ஏடு எதுவும் இல்லையே" என்றேன்.

"என் வீட்டில் இருக்கிறது, ஐயா" என்று சொல்லி அழைத்துச் சென்றார். தறிக்கு மேலே, சுவரில் அடித்த ஆணியில், வளைத்த கம்பி ஒன்று தொங்கிற்று. சாயப்பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு நூல் கட்டிலும் தேதி எழுதிய சிறு சீட்டு கட்டியிருக்கும். மற்றவர்கள் அதனைக் கிழித்தெறிந்துவிடுவர். இவர் மட்டும் ஒன்று விடாமல் கம்பியில் குத்தி வைத்து, அந்நூல் எந்தப் பாவில் சேர்ந்தது என்பதையும் பின்புறம் பென்சிலால் எழுதியிருந்தார். எதற்காக என்று வினவினேன். "கணக்கில் தவறு வந்தால் காட்டலாம் என்று என் தகப்பனார் பழக்கிவிட்டார், ஐயா" என்றார்.

அச்சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, சங்கத்தின் நூல் வழங்கும் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தோம். திரும்பி வந்த விரிப்புகளை அவிழ்த்து, ஒவ்வொன்றின் மூலையையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினோம். எல்லா விரிப்பும் சாயம் விடவில்லை. ஒரே வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் சாயமேற்றிய நூல் கலந்தவை மாத்திரமே விட்டன. கூலி இழந்த பதினொருவரில் நால்வர் அந்நூலைத் தொடவே இல்லை. தொட்ட எழுவரும் நெசவில் ஒரு பிழையும் செய்தவர்கள் அல்லர்.

பின்னர்ச் சாயப்பட்டறைக்குச் சென்றோம். அவ்விரண்டு நாள்களும் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் பழுதாகிக் கிடந்தது. பருத்தி நூலுக்கு ஏற்றும் இவ்வகைச் சாயத்தில் ஒரு பகுதி இழையோடு பிணையாமல் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பன்முறை அலசினாலன்றி அது நீங்காது. விலைக்கு வாங்கிய லாரித் தண்ணீர் போதாமையால் அலசுவதைக் குறைத்துவிட்டார்கள். சாயமேற்றியவர் ஒளிக்காமல் சொன்னார்: "தண்ணீர் இல்லை. நூல் கேட்டு சங்கத்து ஆள் வாசலில் நின்றார். கொடுத்தனுப்பினேன்." எத்தனை முறை அலச வேண்டும் என்று அவருக்கு எழுத்தில் சொன்னவர் இல்லை. அலசியது போதுமா என்று பார்த்த பின்பே நூலை வெளியே விட வேண்டும் என்ற விதியும் இல்லை. வாங்கிச் சென்றவர் நூலை நனைத்துப் பார்க்கவும் இல்லை.

என் குறிப்பை அடித்துவிட்டு வேறு குறிப்பு எழுதினேன். அடுத்த கூட்டத்தில் நிர்வாக சபையார் தம் தீர்மானத்தை நீக்கினர். பிடித்த கூலி திருப்பித் தரப்பட்டது. ஆயினும் அதற்குள் மூன்று மாதம் கழிந்துவிட்டது. பதினொருவருள் ஒருவரான ஓர் அம்மையார், பிடித்தம் போக மிஞ்சிய கூலியில் குடும்பம் நடத்த முடியாமல் நூற்பாலை வேலைக்குப் போய்விட்டார். பணம் அவர் கைக்குச் சேர்ந்தது. அவர் தறிக்குத் திரும்பவில்லை. அவர் வீட்டுத் தறிக்குழியில் இப்போது விறகு அடுக்கியிருக்கிறார்கள். சரியான கையெழுத்துகளைச் சரி என்று எழுதிய என் பேனாவுக்கும் அதில் பங்கு உண்டு.

இத்தர முறை கேட்பது யாது?

இந்நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு ஐ.எஸ்.ஓ. 9001-ஐப் படித்தால் அதன் கடினமான சொற்கள் பலவும் எளிதில் விளங்குகின்றன. அதன் சாரத்தை நான்கு வினைகளில் அடக்கலாம்: திட்டமிடுதல், செய்தல், சரிபார்த்தல், சீர்திருத்துதல்.

வாங்குவோரின் தேவையை ஐயமின்றி அறிந்துகொண்டு, அதனை நிறைவேற்ற இயலும் என்று தேர்ந்த பின்னரே ஆர்டரை ஏற்க வேண்டும் என்கிறது. தரத்தின் பொறுப்பை ஒரு குமாஸ்தாவின் தலையில் கட்டாமல் நிர்வாகத்தின் மேலிடமே ஏற்க வேண்டும் என்கிறது. எவ்வெவ்விடத்தில் இடையூறு வரக்கூடும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. மோட்டார் பழுதானால் சாயப்பட்டறை என்ன செய்யும் என்பது அத்தகைய எண்ணமே. அளக்கும் கருவிகள் சரியாயிருக்க வேண்டும், வேலை செய்வோருக்கு அதற்குரிய பயிற்சி இருக்க வேண்டும் என்கிறது.

வெளியாரிடம் வாங்கும் சரக்கும் செய்விக்கும் வேலையும் நம் பொறுப்பினின்றும் நீங்கா என்பது மற்றொரு விதி. சாயப்பட்டறை வேறொருவருடையது என்று சங்கம் ஒதுங்க இயலாது. தேவையான இடங்களில், எந்தச் சரக்கு எந்த மூலப்பொருளிலிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்று காணும்படி அடையாளம் இட்டு வைக்க வேண்டும். பெரியவரின் கம்பிச் சீட்டு செய்த வேலை இதுவே. சரிபார்த்த பின்பே சரக்கு வெளியே போக வேண்டும். போகலாம் என்று அனுமதித்தவர் யார் என்பதும் தெரிய வேண்டும். குறையுள்ள சரக்கைத் தனியே பிரித்து வைக்க வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது, குறையைச் சரிசெய்வதற்கும் குறையின் காரணத்தை நீக்குவதற்கும் இடையே இத்தர முறை காட்டும் வேறுபாடு. சாயம் விட்ட விரிப்பை மறுபடி அலசிக் கொடுப்பது சரிசெய்தல். எத்தனை முறை அலச வேண்டும் என்று எழுதி, ஒவ்வொரு தொட்டி நூலிலும் ஒரு கழியை நனைத்துப் பார்த்த பின்பே கட்டை வெளியே விடுவதென்று வகுப்பது காரணத்தை நீக்குதல். நெசவாளரின் கூலியைப் பிடிப்பது இவ்விரண்டில் எதுவும் அன்று. அதனால் நஷ்டக் கணக்கு நேராகும். அடுத்த மாதமும் சாயம் கலையும்.

முடிவாக, நிறுவனம் தன்னைத் தானே குறித்த காலங்களில் தணிக்கை செய்துகொள்ள வேண்டும். பாரபட்சம் நேராதபடி தணிக்கையாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தணிக்கையில் கண்டவற்றை நிர்வாகம் கூடி ஆராய வேண்டும். நம் சங்கங்களில் ரூபாயின் பயணத்தைக் காட்ட ரசீது முதல் பேரேடு வரை ஏடுகள் உண்டு. சரக்கின் பயணத்தையும் அவ்வாறே காட்டுங்கள் என்பதுதான் இதன் வேண்டுகோள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வயலிலிருந்து துணி வரை

பயிர்த்தொழில் செய்யும் வாசகர்கள் இது தறிக்காரர் விவகாரம் என்று எண்ண வேண்டா. பருத்தியையே எடுத்துக்கொள்வோம். பறித்த பருத்தியைப் பழைய உரச்சாக்கில் திணித்துப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டும்போது அதன் இழை பிய்ந்து பஞ்சோடு கலக்கிறது. கொட்டை நீக்கும் ஆலையில் அது துண்டு துண்டாகிறது. நூற்பாலையில் நூலோடு நூலாகிவிடுகிறது. சாயத் தொட்டியில் பருத்தி சாயத்தை ஏற்கும். பிளாஸ்டிக் இழை ஏற்காது. நெய்து முடித்த துணியில் அது வேற்று நிறக் கீற்றாக நின்று காட்டிக்கொடுக்கிறது. அப்போது அகப்படுபவர் நெசவாளர். அவர் எந்தச் சாக்கையும் கண்டவர் அல்லர்.

பருத்தித் துணிப் பையில் பறித்தால் இத்தீங்கு பெரிதும் குறையும். ஆனால் அப்பைக்கு விலை உண்டு. பறிப்போருக்கும் சிரமம் உண்டு. சுத்தமான பருத்திக்கும் சாக்கு இழை கலந்த பருத்திக்கும் ஒரே விலை கொடுத்தால் எந்த விவசாயி பை வாங்குவார்? ஆலையும் சங்கமும் விவசாயியோடு கலந்து பேசி விலையில் வேறுபாடு காட்டினால்தான் இது நடக்கும். சரக்கு தருவோரோடு நல்லுறவு பேணுதலைத் தர நிர்வாகத்தின் ஏழு அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக ஐ.எஸ்.ஓ. வைத்திருப்பதன் காரணம் இதுவே. வாங்குவோரை முதன்மையாகக் கருதுதல், தலைமை, பணி செய்வோரின் ஈடுபாடு, வேலையைத் தொடர்ச்சியான செய்முறையாகப் பார்த்தல், இடையறாத முன்னேற்றம், சான்றுகளைக் கொண்டு முடிவெடுத்தல் என்பவை ஏனைய ஆறு. 2024-ல் சேர்க்கப்பட்ட ஒரு திருத்தம், பருவநிலை மாற்றம் தன் வேலையைப் பாதிக்குமா என்பதையும் ஒவ்வொரு நிறுவனமும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறது. கிணறு வற்றிச் சாயம் கெட்டதைக் கண்ட நமக்கு அதன் தேவை விளங்கும்.

ஏட்டுச் சுரைக்காய்

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் குறைகளையும் நேர்மையாகக் கூற வேண்டும். கான்கிரீட்டினால் உயிர்காப்பு மிதவை செய்யும் தொழிற்சாலையும், எல்லா மிதவைகளையும் ஒரே சீராகச் செய்து ஏடு எழுதி வைத்தால் இச்சான்றைப் பெற்றுவிடலாம் என்று மேல்நாட்டில் கேலி பேசுவதுண்டு. முற்காலப் பதிப்புகளில் எழுத்து வேலை மிகுதி என்ற குறை உண்மையானதே. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கட்டாயமாக எழுதி வைக்க வேண்டிய செய்முறைகளை ஆறாகக் குறைத்தது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு அப்பட்டியலையும் நீக்கி, தனக்கு எவ்வளவு எழுத்து தேவை என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் தீர்ப்புக்கே விட்டது. ஆனாலும் ஆய்வாளர் வரும் முன்தினம் இரவெல்லாம் விழித்து, ஓராண்டு ஏடுகளை ஒரே பேனாவால் நிரப்பும் வழக்கத்தை எந்தப் பதிப்பாலும் ஒழிக்க முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சான்று பெற எண்ணும் சங்கத்தார் சில உண்மைகளை அறிந்திருக்க வேண்டும். ஜினீவா சபை விதிகளை வகுப்பதோடு சரி. எவருக்கும் அது சான்று வழங்குவதில்லை. சான்றளிப்பவை தனி அமைப்புகள். அவ்வமைப்புகளின் தகுதியை ஆராய்ந்து அங்கீகரிக்க ஒவ்வொரு நாட்டிலும் அங்கீகார வாரியங்கள் உண்டு. நம் நாட்டில் இந்தியத் தரக் குழுமத்தைச் சார்ந்த தேசிய வாரியம் ஒன்று இவ்வேலையைச் செய்கிறது. வழக்கமாகச் சான்று மூன்றாண்டுகளுக்குச் செல்லும். இடையிலும் ஆண்டுதோறும் வந்து பார்ப்பார்கள். சங்கத்தின் வாசற்படியை மிதிக்காமலே சில நாள்களில் சான்று தருகிறோம் என்று யாரேனும் சொன்னால், அவர் விற்பது கண்ணாடிச் சட்டமேயன்றி வேறன்று. சான்று பெற்றபின் அதனைத் துணியின் மீதோ பொட்டலத்தின் மீதோ பொருளுக்கே கிடைத்த முத்திரை போல அச்சிடுவதும் முறையன்று.

சான்று பெறுவது கட்டாயமும் அன்று. வெளிநாட்டு வியாபாரியோ பெரிய கொள்முதல் நிறுவனமோ கேட்டால் அதற்குச் செலவிடுவதில் பொருள் உண்டு. உலகெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சான்றுகள் நடைமுறையில் இருப்பதற்கு, நேரில் காணாத விற்போரை நம்ப வாங்குவோருக்கு ஒரு வழி தேவைப்படுவதே காரணம். அக்கட்டாயம் இல்லாத சிறு சங்கம், விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு சான்றை விட்டுவிடலாம். அதனைத் தடுப்பார் இல்லை.

நாம் செய்யத்தக்கவை

பெரும் செலவின்றி எந்தச் சங்கமும் அடுத்த மாதமே தொடங்கக்கூடியவை சில உண்டு. சாய நூல் கட்டின் சீட்டு எண்ணை நெசவாளரின் பற்று வரவுப் புத்தகத்தில் எழுதித் தருக. வாங்குவோர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டை, தேதியும் கையெழுத்தும் இட்டுச் சங்கத்தில் காப்பாற்றி வைக்க. நூல் உள்ளே வரும் நாளில் நனைத்துப் பார்க்க ஒருவரை நியமிக்க. அவர் வேண்டா என்றால் அந்நூலை யாருக்கும் வழங்கலாகாது என்ற அதிகாரத்தையும் அவருக்கு அளிக்க. திரும்பி வந்த சரக்குக்கென ஒரு தனி ஏடு வைத்து, என்ன குறை, எங்கே பிறந்தது, மீண்டும் நேராதிருக்க என்ன செய்தோம் என மூன்று பத்திகள் போடுக. அம்மூன்றாம் பத்தி நிரம்பும் வரையில் எவர் கூலியிலும் கை வைக்கலாகாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் செய்க.

கூலி கூடுமா என்று கேட்ட அங்கத்தினருக்கு என் விடை இதுதான். இத்தாள் கூலியைக் கூட்டாது. இதன் பின்னால் உள்ள ஒழுங்கு உண்மையாக நடந்தால், தாம் செய்யாத பிழைக்காக அவர் கூலி குறையாது. திரும்பி வரும் சரக்கு குறையும். சங்கத்தின் பெயர் வியாபாரியிடத்தில் நிற்கும். அதனால் ஆர்டர் தொடர்ந்து வரும். பொதுக்குழுவில் இச்சான்றைப் பற்றிப் பேச்சு எழும்போது, "போன ஆண்டு திரும்பி வந்த சரக்கு எந்த நூலில் நெய்தது என்று காட்ட முடியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அலுவலகத்தில் எவரேனும் எழுந்து ஏட்டை எடுத்துவரின், சுவரில் சான்று இருந்தாலும் இல்லாவிடினும் உங்கள் சங்கத்தில் தரம் இருக்கிறது.

நானும் இப்போது எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும், தீர்மானப் புத்தகத்தைத் திறக்கும் முன் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.